எங்கள் ஊரில் இறங்கியவர்கள்

‘சுமார்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற பேச்சு நடக்கும்போது யாராவது, “சுமாரா ஐந்நூறு பேர் இருக்கும்” என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. “நீங்க எண்ணுனீங்களா?” என்று கேட்டுவிடுவேன். அதனால் விருந்துகளில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் விரும்பி உட்காருவதில்லை. என் மனைவி இதை வியாதி என்கிறாள். நான் தொழில்பழக்கம் என்கிறேன்.

உண்மையிலேயே தொழில்தான். வளைகுடாவில் இருந்த வருடங்கள் முழுக்க நான் எண்ணுவதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். எந்தச் சாலைச் சந்திப்பில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணிச் சொல்லும் வேலை. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, தண்ணீர் பாட்டில், மடியில் ஒரு பலகை. பலகையில் காருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று மூன்று கிளிக்கர்கள் பொருத்தியிருக்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு எண் கூடும். ஊரில் எல்லாரும் நான் ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான், கூரைதான் இல்லை.

எங்கள் தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும்: எண்ணாமல் விட்ட நேரம். தொழுகைக்கு எழுந்து போனாலும் சரி, வெயிலில் கண் சொருகிவிட்டாலும் சரி, அந்த நேரத்தை அதில் எழுதிவிட வேண்டும். குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டு நிரப்பியது தெரிந்தால் வேலை போய்விடும். ஆரம்பத்தில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. தூங்கியதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிற உத்தியோகம் வேறு எங்கே இருக்கிறது? பிறகு, நாங்கள் எண்ணிய ஒரு சந்திப்பில் மேம்பாலம் வந்தது. எண்ணாமல் விட்ட பக்கத்துச் சந்திப்பில் எதுவும் வரவில்லை. தாளில் விழுகிற எண் சும்மா கிடப்பதில்லை, அது எங்கேயோ போய் சிமெண்டாகவும் கம்பியாகவும் நின்றுவிடுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் தூங்கவும் இல்லை, தூங்கியதை மறைக்கவும் இல்லை.

இத்தனையும் எண்ணியவன் ஒன்றை மட்டும் கோட்டைவிட்டேன். என் மகள் வளர்ந்ததை. அவள் பிறந்தபோது நான் வளைகுடாவில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அங்கேதான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் உயரமான வேறொரு பெண் வந்து கதவைத் திறப்பாள். அவள் என்னிடம் பழகி முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். ஒரேயடியாக நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது அவளுக்குக் கல்யாணமாகி, இரண்டு தெரு தள்ளி மாமியார் வீட்டில் இருந்தாள். அப்பனும் மகளும் தனியாக உட்கார்ந்து பேசியது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

அவள் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள். திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற வேலை கிடைத்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மாமியாருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிப்போயிருந்தது. மருமகள் வேலைக்குப் போவதில் அவருக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: பொழுது சாய்ந்து மஹ்ரிப் பாங்கு சொல்லும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும்.

“பகல்ல எப்படியோ சுவத்தைத் தடவிக்கிட்டு இருந்துக்கிருவேன் புள்ள. அந்தி நேரத்துல தனியா இருக்க என்னால ஏலாது” என்றார். கொடுமைக்கார மாமியார் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த வயதில், அந்தப் பார்வையோடு, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

காலையில் போவதற்கு எல்லா நிறுத்தத்திலும் நிற்கிற பாசஞ்சர் இருந்தது. திரும்பி வருவதில்தான் சிக்கல். மாலைப் பாசஞ்சர் எங்கள் ஊருக்கு வரும்போது இருட்டிவிடும். அதற்கு முன்னால் ஒரு விரைவு வண்டி உண்டு, ஆனால் அது நிற்காமல் நேரே காரைக்கால் போய்விடும். எங்கள் ஊர் காரைக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சின்ன நிறுத்தம். ஒரு நடைமேடை, ஒரு தகரக் கொட்டகை, டிக்கெட் கொடுக்க ஒரு கமிஷன் ஏஜெண்ட், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டு, கடைசியில் அந்த விரைவு வண்டிக்கு ஆறு மாதச் சோதனை நிறுத்தம் கிடைத்தது. ஆறு மாதம் நிறுத்திப் பார்ப்பார்கள். இறங்க ஆள் இருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். அந்த நிறுத்தத்தை நம்பித்தான் என் மகள் வேலையில் சேர்ந்தாள்.

அந்த ஆறு மாதத்து மாலை நேரங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு, பள்ளிவாசலிலிருந்து நேரே நடைமேடைக்குப் போவேன். கடல் காற்று அந்நேரத்துக்குத்தான் தகரக் கொட்டகைக்குள் நுழையும். வண்டி வந்து நிற்கும். மகள் எப்போதும் கடைசிப் பெட்டிக்கு முந்திய பெட்டியிலிருந்து இறங்குவாள். தோளில் பை, கையில் காலி டிபன் பாக்ஸ். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம் அவளோடு கூடவே இறங்கும். அவளுடைய மாமியார் வீட்டு வாசல்வரை நாங்கள் சேர்ந்து நடப்போம். கால் மணி நேர நடை. நான் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் என் மகளை நான் அறிந்துகொண்டேன். அவளுக்கும் என்னைப்போலவே எண்ணுகிற வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே அணுக்களை எண்ணுவாளாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான் வைத்த கருவி ஒன்று அங்கேயும் உண்டாம்.

“சந்தேகம் வந்தா என்ன செய்வே?” என்று கேட்டேன்.

“இன்னொரு ஸ்லைடு போட்டு முதல்லேர்ந்து எண்ணுவேன் வாப்பா. அந்தத் தாளை வச்சுத்தானே மருந்து எழுதுவாங்க.”

எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடந்தேன்.

இதற்கிடையில் எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கிளிக்கர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டி நின்றதும் இறங்குகிறவர்களை எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதினேன். காய்ச்சலில் படுத்த நாட்களில் ‘எண்ணவில்லை’ என்று எழுதினேன். கூடை தூக்கி வரும் மீன்காரப் பெண்கள், காலேஜ் பிள்ளைகள், நாகூரில் கடை வைத்திருக்கிறவர்கள், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் என்று நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. எத்தனை என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் யாராவது அதைச் சுமார் என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

“என்ன நானா, இன்னைக்கு எத்தனை கிளிக்கு?” என்று இறங்குகிறவர்கள் கேலி செய்வார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். நானும் பெருமையாகக் கிளிக்கரைத் தூக்கிக் காட்டுவேன்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் டிக்கெட் ஏஜெண்ட் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “நானா, விஷயம் தெரியுமா? ஸ்டாப்பை எடுக்கப்போறாங்களாம். இறங்க ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் போயிருக்காம்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆளே இல்லையா? தினமும் கட்டைவிரல் வலிக்க அழுத்துகிறவன் நான், எனக்குத் தெரியாதா? எவனோ மேசையில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறான் என்று ஏஜெண்டிடமே கத்தினேன். அந்த மனிதர் பாவம், டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நோட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, ரயில் ஏறி, வெளியூரில் இருந்த ரயில்வே கோட்ட அலுவலகத்துக்குப் போனேன். போய் இறங்கியதும் திரும்பிவரும் டிக்கெட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். எதையும் கடைசி நேரத்துக்கு விடுவது எனக்குப் பிடிக்காது.

நிறுத்தங்களைப் பார்க்கும் அதிகாரி ஒரு பெண்மணி. சண்டை போடுவதற்குத் தயாராக நான் போயிருந்தேன், அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.

“எண்ணவில்லைன்னு சில நாள் எழுதியிருக்கீங்களே சார், ஏன்?”

“அன்னைக்கு நான் போகலை மேடம். போகாத நாளுக்கு எப்படி எழுதுறது?”

அவர் நோட்டை மூடி வைத்தார். “எனக்கு நூறு மனு வரும் சார். எல்லாத்துலயும் ஆயிரக்கணக்கான மக்கள்னு இருக்கும். இந்த மாதிரி ஒரு நோட்டு வந்ததில்ல” என்றார். எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பிறகு தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். மாதவாரியாக எங்கள் ஊருக்கு விற்ற டிக்கெட்டுகள். அந்தக் கட்டங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன.

‘ஏறக்குறைய’ என்று நானே எழுதிவிட்டேன். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு எண்ணத் தோன்றவில்லை.

“இது பொய் மேடம்” என்றேன்.

“பொய்யில்ல சார். எங்களுக்கு ஆள் தெரியாது, டிக்கெட்தான் தெரியும். எந்த ஊர் பேர்ல டிக்கெட் வாங்கினாங்களோ அந்த ஊர்ல இறங்கினதாத்தான் பதிவாகும்.” சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “நீங்க திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாச்சா? எடுத்திருந்தா கொஞ்சம் காட்டுங்க.”

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நீட்டும்போதே அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. காரைக்கால்.

எங்கள் ஊர்க்காரர்களின் வாயை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியின் ஒரு துண்டாக நாங்கள். வெளியே போய் ஊர்ப்பெயரைச் சொன்னால், “நாகப்பட்டினம் மாவட்டமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதனால் எடுத்தவுடனே காரைக்கால் என்று அடித்துவிடுவோம். கோட்டுச்சேரிக்காரரும் எல்லை தாண்டினால் காரைக்கால்தான், கருக்களாச்சேரிக்காரரும் காரைக்கால்தான். வளைகுடாவில் என் அறையில் இருந்தவர்களுக்கு என் ஊர்ப்பெயர் கடைசிவரை தெரியாது. டிக்கெட் கவுண்டரிலும் அதே வாய்தானே பேசும்? அதிலும் கட்டணத்தில் வித்தியாசம் இல்லை. ஊர்ப்பெயரைச் சொன்னால் உள்ளே இருக்கிறவர் நிமிர்ந்து, “அது எங்க இருக்கு?” என்பார். பின்னால் வரிசை நிற்கும். காரைக்கால் ஒண்ணு என்றால் தீர்ந்தது.

அத்தனை பேரும் எங்கள் ஊரில்தான் இறங்கினார்கள். ஒருவர் விடாமல் காரைக்காலில் இறங்கியதாகக் கணக்கில் ஏறியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில் காரைக்கால் நிலையத்தின் எண் கூடியிருப்பதையும் அந்த அம்மையார் காட்டினார். அவர்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள், நாங்கள்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

“தினமும் வர்றவங்க சீசன் டிக்கெட் வச்சிருப்பாங்களே சார், அதுகூட உங்க ஊர் பேர்ல ஒண்ணும் இல்லையே” என்றார்.

என் மகளின் மூன்று மாத சீசன் டிக்கெட்டை வாங்கியவன் நான். முதல் தடவையும் நான்தான், இரண்டாம் தடவையும் நான்தான். அவள் வேலைக்குப் போகிற சந்தோஷத்தில் காரைக்கால் நிலையத்துக்கே போய், வரிசையில் நின்று, “திருவாரூர் – காரைக்கால் ஒண்ணு” என்று உரக்கச் சொல்லி வாங்கினேன். எவளுக்காக இந்த நிறுத்தம் வேண்டும் என்று சண்டை போட வந்தேனோ, அவளை முதல் நாளிலிருந்தே கணக்கில் இல்லாமல் செய்தது என் வாய்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பி வந்த மாலை, நானும் அவளும் ஒரே வண்டியில் இறங்கினோம். நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்துவிட்டாள்.

“அப்ப நான் இத்தனை நாளா காரைக்கால்லயா இறங்குனேன்?”

“சிரிக்காத புள்ள. ஸ்டாப் போயிடும்போல இருக்கு.”

சிரிப்பு நின்றது. மாமியார் வீட்டு வாசலில் நின்று, “நீங்க எண்ணுனது தப்பில்ல வாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பதிலாக அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மிச்சமிருந்த நாட்களில் நான் செய்யாத கூத்தில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மைக்கில் சொல்ல வைத்தேன். கோயில் பக்கமும் மாதாகோயில் பக்கமும் போய்ச் சொன்னேன். டீக்கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: ‘டிக்கெட் வாங்கும்போது நம் ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள்’. மீன்காரப் பெண்கள்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். கவுண்டரில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், “இத்தனை நாளா நான் தர்ற மீனைத் திங்கிறியே, ஊரு தெரியாதா?” என்று கேட்டார்களாம். படித்தவர்கள்தான் படுத்தினார்கள். செல்போனில் டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கு விரல் தானாகவே காரைக்காலுக்குப் போனது.

பிரெஞ்சுப் பென்ஷன் பெரியவர் ஒருபடி மேலே போய்விட்டார். “நான் பாரீஸ்லயே காரைக்கால்காரன்னு சொன்னவன்யா. திருவாரூர்ல வந்து மாத்திச் சொல்லணுமா?” என்றார்.

“நீங்க யாருன்னு கேக்கலைங்க முசியே. எங்க இறங்குறீங்கன்னுதான் கேக்குறாங்க” என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வண்டியிலிருந்து இறங்கியதும் டிக்கெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எங்கள் ஊர்ப்பெயர் இருந்தது. அவரைப் பிரெஞ்சுக்காரர் பாணியில் இரண்டு கன்னத்திலும் முத்தமிடலாமா என்று யோசித்தேன், பிறகு கையை மட்டும் குலுக்கினேன்.

மகளின் சீசன் டிக்கெட் முடிகிற நாள் வந்தது. இந்தத் தடவை கவுண்டரில் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி, மூன்று மாதத்துக்கு வாங்கினேன். அச்சானதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

எல்லாம் காலம் கடந்த காரியம். ஆறு மாதக் கணக்கில் ஐந்து மாதம் ஏற்கெனவே வெறுமையாகப் போயிருந்தது. கடைசியில் கூடிய டிக்கெட்டுகள் அந்த வெறுமையை நிரப்பப் போதவில்லை. ஒரு நாள் மாலை வண்டி வந்தது, ஹாரன் அடித்தது, நிற்காமல் போனது. கடைசிப் பெட்டிக்கு முந்திய பெட்டியின் வாசலில் என் மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

பிறகு நாங்கள் முட்டிமோதிப் பார்த்தோம். காரைக்கால் நிலையத்தில் நான் ஆட்டோவோடு காத்திருப்பேன். சாயங்கால நேரத்துக் கடைத்தெரு நெரிசலைத் தாண்டி, மறுபடி ஊருக்கு வந்து சேர்வதற்குள் பாங்கு சொல்லி முடிந்துவிடும். மழைக்காலம் வேறு வந்துவிட்டது, பொழுது சீக்கிரமே சாய்ந்தது. மாமியார் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதுதான் என் மகளை வாட்டியது.

“நான் உள்ள போறப்ப வீடு இருட்டா கிடக்குது வாப்பா. லைட்டைப் போடக்கூட எந்திரிக்காம அப்படியே கட்டில்ல உக்காந்திருக்காங்க. நேத்து, ‘வந்துட்டியா புள்ள’ன்னு என் கையைப் புடிச்சாங்க. விடவே இல்ல” என்று ஆட்டோவில் சொன்னாள். “நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன்.”

“இன்னும் கொஞ்ச நாள் பாரேன்” என்றேன்.

“எத்தனை நாள்னு சொல்லுங்க” என்றாள். அவள் என் மகள். எனக்குச் சொல்ல எண் இல்லை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். எனக்கும் மாலை நேரத்தில் நடைமேடைக்குப் போகக் காரணம் இல்லாமல் போயிற்று. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், நினைத்தால் போய்ப் பார்க்கலாம். போய்ப் பார்க்கவும் செய்கிறேன். டீ கொடுப்பாள், மாமியார் பக்கத்தில் இருப்பார், நலம் விசாரிப்போம். தெருவில் யாருக்கு ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள். அதைப் படிக்கும்போது மட்டும் அவள் முகம் பழையபடி ஆகும். அந்தக் கால் மணி நேர நடை எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பெட்டியிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கியவளை நான் இழந்ததற்கு வேறு யாரையும் நான் குற்றம் சொல்ல முடியாது.

ஊர்க்காரர்கள் மட்டும் பழகிய வாயை மாற்றிக்கொண்டிருந்தார்கள். விரைவு வண்டி நிற்காவிட்டாலும் பாசஞ்சருக்கு எங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லியே டிக்கெட் வாங்கினார்கள். சில மாதங்கள் கழித்து அந்த அதிகாரியிடமிருந்து எனக்கு போன் வந்தது. வேறு வேலையாகக் காரைக்கால் வருகிறாராம், நேரம் இருந்தால் நிலையத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

ஒரு தாளை மேசையில் விரித்தார். போன தடவை வெறுமையாக இருந்த கட்டங்களில் இப்போது எண்கள் இருந்தன. “பாருங்க சார், உங்க ஊர் முழிச்சுக்கிச்சு. இதை வச்சு அந்த ஸ்டாப்பை மறுபடி கேட்டு எழுதப்போறேன்” என்றார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. எனக்கும் இருந்தது. இனி வேறு பெண்கள் வேலைக்குப் போவார்கள், வேறு அப்பன்கள் நடைமேடையில் நிற்பார்கள் என்று நினைத்தேன்.

அவர் விரலை ஒரு கட்டத்தில் வைத்தார். “முக்கியமா இது. டிக்கெட் கூடலாம், குறையலாம். தினமும் வர்ற ஆள் இருக்காங்கன்னு காட்டணும்னா சீசன்தான் சார் சாட்சி. உங்க ஊர் பேர்ல முதல் தடவையா ஒரு சீசன் வந்திருக்கு. மூணு மாசம். என் ரிப்போர்ட்ல முதல் வரியே இதுதான்.”

சீசன் டிக்கெட் என்றால் மாதத்துக்கு இத்தனை பயணம் என்று அவர்கள் ஒரு நிலையான எண் வைத்திருக்கிறார்கள். ஆள் போனாலும் போகாவிட்டாலும் அந்த எண் ஏறிவிடும். என் மகள் தினமும் எங்கள் ஊரில் இறங்கிய நாட்களில் அந்தத் தாளில் அவள் இல்லை. அவள் வேலையை விட்டு, இருட்டுவதற்கு முன்னால் மாமியாருக்கு விளக்குப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், அந்தத் தாளில் காலையில் போய் மாலையில் எங்கள் ஊரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம், இது தப்பு, இந்தப் பெண் இப்போது வருவதில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எத்தனையோ பேரை, “நீங்க எண்ணுனீங்களா?” என்று கேட்டு வாயடைத்தவன் நான்.

“சரியா இருக்கா சார்?” என்று அவர் கேட்டார்.

“சரியா இருக்கு மேடம்” என்றேன்.